ஏணியை எடுத்தவர்

சேசு மரி சூசை துணை
(அப்பாவின் துணை இப்போதைக்கு இல்லை)

கோலார் தங்கவயல்
19 ஜனவரி 1934

அன்புள்ள ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இல்லை, மன்னிக்கவும்.

போன ஞாயிறு பெங்களூரில் நம் கோயிலில் நமக்கு முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று என்று இங்கே நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தேன். கல்கண்டு கரைவதற்குள் அப்பாவின் கடிதம் வந்துவிட்டது. மீதி இரண்டு ஓலையையும் வாசிக்க வேண்டாமென்று சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். காரணம் இது: பீர் ஃபாக்டரியில் தம்பி ரெமிஜியஸ் தொட்டிக்குள் மயங்கி விழுந்தானாம், மேஸ்திரியாகிய நீங்கள் அவனைத் தூக்க இறங்காமல், இருந்த ஏணியையும் மேலே உருவிக்கொண்டீர்களாம். "ஏணியை எடுத்தவனுக்கு என் பெண்ணை எடுத்துக் கொடுக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். கோபத்திலும் அப்பாவுக்கு எதுகை தவறாது.

ஏணியை எடுத்தீர்களா, இல்லையா? சாம்பல் புதனுக்கு முன் கல்யாணம் நடக்காவிட்டால் பிறகு தபசு காலம், கோயிலில் கல்யாணம் கிடையாது, பாஸ்குத் திருநாள் வரை பேச்சே எடுக்க முடியாது. அப்பாவின் போக்கைப் பார்த்தால் பாஸ்குவுக்குப் பிறகும் எடுக்கமாட்டார். உடனே பதில் எழுதவும்.

பெர்னதெத்

*

பெங்களூர்
21 ஜனவரி 1934

அன்புள்ள பெர்னதெத்துக்கு,

எடுத்தேன்.

ரெமி சுகமாக இருக்கிறான். ஆஸ்பத்திரியில் கஞ்சி கொடுத்த நர்ஸ் மௌரீனிடம் கறி எங்கே என்று கேட்டானாம்.

நடந்ததைச் சொல்கிறேன். பீரை இறக்கிய பிறகு பெரிய தொட்டியின் அடியில் கெட்ட காற்று தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. கயிற்றில் மெழுகுவர்த்தியைக் கட்டி இறக்கி, அது அணையாமல் இருந்தால்தான் கழுவ ஆள் இறங்கலாம். ரெமியின் இடுப்பில் தோல் வாரைப் போட்டுக் கயிற்றை நானே கட்டினேன். மெழுகுவர்த்தியைப் பற்றவைப்பதற்குள், "அதெல்லாம் கோயிலுக்கு வெச்சிக்கோ மச்சான்" என்று சொல்லிவிட்டுக் கிடுகிடுவென்று இறங்கிவிட்டான். அடியில் கால் வைத்தவன் அப்படியே சரிந்தான். சத்தம் கேட்டு என் கூலியாள் பெர்னார்டும் இன்னும் இரண்டு பேரும் ஏணியைப் பார்த்து ஓடிவந்தார்கள். இறங்கியிருந்தால் அவர்களும் விழுந்திருப்பார்கள். அதனால் ஏணியை உருவிப் போட்டேன். பிறகு நாலு பேருமாகக் கயிற்றை இழுத்து அவனை மேலே கொண்டுவந்தோம்.

உன் அம்மாவின் கவலை வேறு. பையன் குடித்துவிட்டு விழுந்தான் என்று ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கப் பேச்சாம். காலித் தொட்டியில் குடிக்க என்ன இருக்கிறது அத்தை என்று கேட்டுப் பார்த்தேன். அவர்களும் என்னோடு பேசவில்லை.

ஆம்ப்ரோஸ்

*

கோலார் தங்கவயல்
25 ஜனவரி 1934

அன்புள்ள ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

ஃபாக்டரி துரைக்கு எழுதிய ரிப்போர்ட்டைத் தவறுதலாக எனக்கு அனுப்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு எழுதியது எங்கே?

உங்கள் நியாயம் புரிகிறது. அப்படியே அப்பாவுக்கு எழுதினேன். திரும்பி வந்த பதில் இது: "மற்றவர்களைத் தடுத்தது சரி. கூடப் பிறந்தவனைப் போல் நினைத்திருந்தால் தானாவது இறங்கியிருக்க மாட்டானா? அவன் நெஞ்சு துடிக்கவில்லையே." அவன் என் ஒரே தம்பி. அவன் கீழே கிடந்தபோது உங்கள் நெஞ்சில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் என்னால் பீடத்தின் முன் உங்கள் பக்கத்தில் முழந்தாளிட முடியாது. கோபத்தில் எழுதவில்லை, அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

பெர்னதெத்

*

பெங்களூர்
28 ஜனவரி 1934

என் பெர்னதெத்துக்கு,

இன்றைக்கும் ஓலை வாசிக்கவில்லை. பூசை முடிந்து வந்து இதை எழுதுகிறேன்.

ஏணியில் முதலில் கால் வைத்தவன் பெர்னார்ட் இல்லை, நான்தான். இரண்டு படி இறங்கிவிட்டேன். கீழே ரெமியின் முகம் தெரிந்தது. தூங்கும்போது உன் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு. மேலே எவனோ, "மேஸ்திரி, கயிறு யார் கையில?" என்று கத்தினான். கயிறு என் கையில்தான் இருந்தது. நான் விழுந்தால் அதுவும் என்னோடு விழும்.

ஏறி வந்தேன். ஆனால் ஏணி அங்கேயே இருந்தால் மறுபடியும் இறங்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. மற்றவர்களைத் தடுக்க என்று எழுதினேனே, அது பாதிதான். என்னைத் தடுக்கத்தான் எடுத்தேன். அழுதுகொண்டே கயிற்றை இழுத்தேன். மேஸ்திரி அழுதான் என்று நானே எழுதுவதா என்று வெட்கப்பட்டு முதலில் மறைத்துவிட்டேன்.

இனி உன் இஷ்டம்.

ஆம்ப்ரோஸ்

*

ரிச்சர்ட்ஸ் டவுன்
3 பிப்ரவரி 1934

என் அன்புள்ள ஆம்ப்ரோஸ் அவர்களுக்கு,

லீவு போட்டுவிட்டு நேற்று வந்து சேர்ந்தேன். ஓலை வாசிக்கும் நாட்களில் மாப்பிள்ளையைப் பார்க்கக்கூடாது என்று அம்மா வழிமறிக்கிறாள். அதனால் உள்ளூரிலேயே இந்தக் கடிதம். கொண்டுவருகிற ரெமிக்கு டீ கொடுக்கவும். வேறெதுவும் கொடுக்க வேண்டாம், ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது.

உங்கள் கடிதம் வந்த அன்று என் வகுப்புப் பெண் ஒருத்தியின் தாய் ருக்கு பள்ளிக்கு வந்திருந்தாள். நான் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். ஆம்பூர்ப் பக்கம் கிணற்றில் தூர் வார இறங்கிய அவள் அண்ணன் மூச்சில்லாமல் விழுந்திருக்கிறான். அவனைத் தூக்க அவள் புருஷன் இறங்கியிருக்கிறான். இரண்டு பேரும் உயிரோடு மேலே வரவில்லை. "எங்க ஊட்டுக்காரரு எறங்கறப்ப ஏணிய எடுக்க ஒரு ஆளு இல்லயே டீச்சரம்மா" என்றாள். அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை, ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன்.

நேற்று அப்பாவை உட்காரவைத்து ருக்கு சொன்னதைச் சொன்னேன். பிறகு உங்கள் கடிதத்தை வாசித்தேன். என் முகத்தைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவிட்டேன், அது எனக்கு எழுதியது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார். ரெமியைக் கூப்பிட்டுச் சட்டையைத் தூக்கச் சொன்னார். இடுப்பில் உங்கள் வார் பதிந்த இடம் இன்னும் கருநீலமாக இருக்கிறது. அதைத் தடவிக்கொண்டே, "இறுக்கித்தான் கட்டியிருக்கான்" என்றார். சட்டையை இறக்கிவிட்டு, "அவனும் எறங்கியிருந்தா எனக்கு மகனும் இல்ல, மருமகனும் இல்ல" என்றார். அப்பா வாயில் மருமகன் என்ற வார்த்தையை நான் கேட்பது இதுதான் முதல் தடவை. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போய்விட்டார், செருப்புக்கூடப் போடாமல்.

நாளைக்கு இரண்டாம் ஓலை, அடுத்த ஞாயிறு மூன்றாவது, சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்னால், திங்கள் காலை கல்யாணம். பூசைக்கு முன்வரிசையில் வந்து உட்காருங்கள். அப்பா உங்கள் பக்கத்தில்தான் உட்காருவாராம். அவர் மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டார், பாட்டுப் புத்தகத்தை உங்கள் பக்கம் நீட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்
பெர்னதெத்