நாற்பத்தெட்டு வருட வெள்ளை

ஜூன் 12, புதன்

பட்டப்பகலில் நிலா சூரியனை மறைத்த வருடம் இது. பாழாய்க் கிடந்த ரயில் நிலையத்துக்கு விளக்குப் போட்டு, போன வாரம் திறந்தார்களே, அந்த வருடம். என் இடது முட்டியை மாற்றியதும் இதே வருடம்தான். வருடத்தின் எண்ணை வெர்லீன் போட்டுக்கொள்ளட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், இறந்துபோன என் மனைவி எர்னஸ்டீனின் தங்கை வெர்லீன் எழுதுகிறாள். சொன்னதை மாற்றக் கூடாது என்று பேச்சு.

“ஒன் பேச்சுக்கு நான் மெருகு வேற போடணுமாக்கும்,” என்கிறாள். அதையும் எழுது என்றேன்.

இன்று என் வண்டியின் முன்னிருக்கைகள் இரண்டையும் துடைத்து முடித்தேன். முதலில் மெத்தென்ற தூரிகையால் தையல் இடுக்குத் தூசியைத் தட்டி எடுக்க வேண்டும். ஈரம் அப்புறம்தான். தூசியோடு துடைத்தால் உப்புத்தாள் போட்டு உரசியது போல ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு சொட்டு. வெள்ளைத் துணி மட்டும்; சாயத் துணி என் வண்டிக்குள் நுழைந்ததே இல்லை. உள்ளங்கை அளவு இடம், துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி, பிறகு அடுத்த உள்ளங்கை.

’76 கேடிலாக். கூரை மடங்கும் வண்டி. உள்ளே முழுக்க வெள்ளைத் தோல். 94-இல் அண்ணன் மகன் லெராய் புது ஜீன்ஸோடு உட்கார்ந்து பின்னிருக்கையை நீலமாக்கினான். அந்த நீலத்தை எடுக்கப் பதினொரு நாள் ஆனது. லெராயை மன்னிக்க அதைவிடக் கொஞ்சம் கூட ஆனது.

ஜூன் 15, சனி

நாளை ஆற்றங்கரைக் கார் கண்காட்சி. மழை இல்லை என்கிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

எப்படிச் சொல்வது? சொல்லியே ஆக வேண்டும்.

இருபத்திரண்டு வருடமாக என் வண்டி நிற்பது அசல் வண்டிகளின் வரிசையில். பிரிக்காத, மாற்றாத, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகளுக்கான வரிசை அது. பழைய நடுவர் பெர்னெல் பனிக்காலத்தில் செத்துப்போனான். புதியவர் கார்ல்ட்டன் ஏம்ஸ், ஒஹாயோக்காரர். காலணியைக் கழற்றச் சொன்னேன், கழற்றினார். மரியாதைக்காரர்தான். உள்ளே குனிந்து அரைமணி பார்த்தார்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இது அசல் இல்ல.”

“எது அசல் இல்ல?”

“இருக்கைத் தோல். நாப்பத்தெட்டு வருஷத் தோல் இவ்ளோ வெள்ளையா இருக்க வழியே இல்ல. யாரோ நல்ல கைக்காரன் புதுசா தைச்சிருக்கான். அதுல ஒண்ணும் அவமானம் இல்லியே. புதுப்பிச்ச வண்டிங்க வரிசைக்குப் போயிடுங்க.”

எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பொய்யன் என்கிறார். ஒரு இடத்துல கறை விட்டிருந்தா நம்பியிருப்பாரு! சுத்தமா வச்சது குத்தமா? சொல்லு, வெர்லீன், குத்தமா?

“அடுத்த தடவ காப்பியக் கொட்டிட்டுப் போ,” என்கிறாள். சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17, திங்கள்

வண்டியின் மேல் உறை போட்டபடியே கிடக்கிறது. இன்று துடைக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

அசல் என்பதற்குக் காகிதம் இருந்தால் ஜூலைக் கண்காட்சியில் மறுபடி பார்க்கிறேன் என்று ஏம்ஸ் தொலைபேசியில் சொன்னார். காகிதம் எல்லாம் எர்னஸ்டீன் பெட்டியில் வைத்திருந்தாள். பெட்டியை 2014 வெள்ளம் நிலவறையோடு கொண்டுபோனது. காகிதத்தை நம்பி நான் எப்போது வாழ்ந்தேன்? தலைக்குள் இருப்பதுதான் என்னிடம் உண்டு.

இருப்பதைச் சொல்கிறேன். அந்த வண்டி உருவான தொழிற்சாலையில்தான் நான் தோல் சுமந்தேன். தோல்கட்டைத் தூக்கிப்போய்த் தையல் மேசைகளில் போடுவது என் வேலை. 76 வசந்தத்தில் வெள்ளைத் தோல் போனது மூன்றாம் மேசைக்கு மட்டும். அங்கே நான்கு பெண்கள். ஓபால் ஸ்டிட், பெரிய இர்மா, லூசில் கேட்ஸ், போலந்துக்காரி யாட்விகா. ஓபால் சாவுக்கும் இர்மா சாவுக்கும் சவப்பெட்டி தூக்கினேன். லூசில் ஃபிளின்ட் ஊருக்குப் போய் அங்கேயே இறந்தாள். யாட்விகாவைப் பற்றி ஒன்றும் கேள்விப்படவில்லை.

கேள்விப்படவில்லை என்றால் இருக்கலாம் அல்லவா?

ஜூன் 25, செவ்வாய்

பக்கத்து ஊரான ஹாம்ட்ராம்க்குக்குப் போனோம். யாட்விகாவின் வீடு எனக்கு நினைவிருந்தது: தேவாலயத்திலிருந்து நாலாவது, பச்சைப் படி. இப்போது அங்கே ஒரு வங்காளிக் குடும்பம். அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு எதிர்வீட்டைக் காட்டினாள். “யாட்விகாம்மா மக வீட்டுல இருக்காங்க. கண்ணுதான் மங்கல். வாய் நல்லாவே இருக்கு.”

வாய் நன்றாகவே இருந்தது.

“யாரு, தோல் சுமக்கிற ஹோசியாவா? தோலக் கொண்டாந்து என் கால்மேல போட்டவன்தானே?”

“ஒரே ஒரு தடவ, யாட்விகா.”

“ரெண்டு தடவ!”

அவள் சொன்னதுதான் சரி. இரண்டு தடவை.

வந்த காரியத்தைச் சொன்னேன். “தைச்சது புதுசுன்னு சொன்னானா? அவன என் முன்னாடி சொல்லச் சொல்லு,” என்றாள்.

ஜூலை 13, சனி

காலையிலிருந்து துடைத்தேன். வெர்லீன் கூடக் கிண்டல் செய்யவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

யாட்விகா சக்கர நாற்காலியில் வந்தாள், கருநீலப் பாவாடையில். இருக்கையில் விரிக்க வெள்ளைத் துணியைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் தைத்த இருக்கையில் அவளுக்கே துணி விரிப்பதா? மடித்து வைத்துவிட்டேன். நீலம் ஒட்டினால் ஒட்டட்டும்.

உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கைத்தாங்கியின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினாள்.

“இது என்னோடது. தையல் முடியிற எடத்துல மூணு பின்தையல். மத்தவங்க வலப்பக்கம் திருப்புவாங்க. நான் எடக்கைக்காரி, எடப்பக்கம் திருப்புவேன். மேற்பார்வையாளன் தெனமும் திட்டுவான். மேல திருத்திக்கிட்டேன், அடியில எவன் பாக்கப்போறான்?”

ஏம்ஸ் நம்பினாரா? இல்லை. அவளைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிப்போய், வெள்ளை இருக்கை உள்ள இன்னும் இரண்டு வண்டிகளைத் தடவச் சொன்னார்.

“இது போன வருஷம் தைச்சது, நூலு வழுக்குது. இது எங்க தையல் கூடத்துல வேற வருஷம் தைச்சது, எங்க மேச இல்ல.” இரண்டாவது வண்டிக்காரர் தலையாட்டினார். முதல் வண்டிக்காரர் முகம் சிவந்துபோய் அந்தப் பக்கம் நடந்தார். அவருடைய வண்டியும் அசல் வரிசையில்தான் நின்றிருந்தது.

திரும்பி வந்து என் பின்னிருக்கையைத் தடவினாள். “இது ஓபாலோடது. அவ எப்பவும் அவசரக்காரி, பாரு, நுனி வெட்டாம விட்டிருக்கா.”

ஏம்ஸ் தரையில் மண்டியிட்டு, விளக்கை அடித்து, அந்த நூல் நுனியைப் பார்த்தார். கைத்தாங்கியின் அடியையும் பார்த்தார். எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

“மன்னிச்சிருங்க, மிஸ்டர் டில்லரி. வண்டிய அசல் வரிசைக்குக் கொண்டாங்க.”

யாட்விகா மட்டும் கையை எடுக்கவில்லை. “ஹோசியா, இத யாரு இத்தன வருஷம் பாத்துக்கிட்டது? நூல் கூட மஞ்சளாகலியே.”

நான்தான் என்றேன்.

ஜூலை 15, திங்கள்

யாட்விகா உட்கார்ந்த இடத்தில் நீலம் இல்லை. இருந்தாலும் துடைத்தேன்.

வண்டியின் முன்னால் நிற்கும் அட்டையைப் புதிதாக எழுதச் சொல்லி அனுப்பியிருக்கிறார் ஏம்ஸ். வெர்லீன் படித்துக் காட்டினாள். உரிமையாளர்: ஹோசியா டில்லரி. வண்டி: அசல். அதற்குக் கீழே ஒரு வரி, ‘இருக்கை வேலை’. மற்றவர்கள் அங்கே இருக்கை தைத்த கடையின் பெயரை எழுதுவார்கள். நான் எப்போதும் அதை வெறுமையாக விட்டிருந்தேன்.

“என்ன எழுத?”

மெதுவாச் சொல்றேன், பெரிய எழுத்தாப் போடு என்றேன். ஓபால் ஸ்டிட், 91-இல் போனாள். இர்மா டாஸன், ரயில்பாலம் இடிந்த வருடம். லூசில் கேட்ஸ், ஃபிளின்ட்டில், அவளுடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மறுநாள். யாட்விகா நோவிட்ஸ்கா, இருக்கிறாள்.