தறி ஓடும் வேகம்

கண்ணு,

நீ அனுப்பிய பாதிப் பாட்டைக் கேட்டவர்கள் மூன்று பேர்: நான், பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் அக்கா, உன் அப்பா. சாமி விளக்கேற்றிவிட்டுத்தான் போனில் போட்டேன்.

"குழல் நல்லாத்தான் இருக்குது அம்மணி, பாட்டைத்தான் காணோம்!" என்றார் அக்கா. வரிகளை நீ இன்னும் எழுதவில்லை என்றேன்.

நீ இசை அமைக்கச் சென்னை போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத அப்பா, தாளமாக நீ சேர்த்திருந்த தறிச் சத்தம் வந்ததும் நிமிர்ந்தார். "இந்த வேகத்துல ஓட்டினா நூல் அந்துபோயிரும்," என்றார். உடனே போய் நம் தறியை ஓட்டி, என்னைப் பதிவு செய்யச் சொன்னார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நிமிடம், ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை.

"பத்தலீன்னா இன்னொருக்கா ஓட்டறேன்னு எழுது," என்கிறார்.

போதும் என்று மட்டும் எழுதிவிடாதே. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா