மேலிருந்து கீழே எளிது

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் நடையை இன்று கடைசி முறையாக நடந்து பார்த்தேன். அலுவலக வாசலில் கிளம்பி, கோட்டைச் சுவர் ஓரமாக, பழைய நாணயச்சாலை, கயிற்றுக்காரர் தெரு, படிக்கட்டுத் தெரு, முடிவில் படகுத்துறை. வெள்ளம் வந்த ஆண்டுகளைச் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கும் இடத்தில் நின்று குறிப்பெடுத்த நேரமும் சேர்த்து முப்பத்தெட்டு நிமிடம். மூச்சு வாங்கவே இல்லை. 'எளிது' என்று எழுதினேன். ஆறு நடைக்கும் அதே சொல்தான். படகுத்துறையில் ஒன்பதாம் எண் பேருந்து தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நகரத் தகவல் நிலையத்தில் பதினொரு வருடமாக இருக்கிறேன். ஊரை நடந்து பார்ப்பவர்களுக்கு ஆறு வழி சொல்லும் இதுதான் நான் சொந்தமாக எழுதும் முதல் புத்தகம். இருபத்து நான்கு பக்கம்தான், இருந்தாலும் புத்தகம் புத்தகம்தானே. மேலாளருக்கு நாளைக்குள் வேண்டுமாம். அவருக்கு எல்லாமே நாளைக்குள் வேண்டும். அதனால் அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரே 'நாளைக்குள்'.

வீட்டுக்காரர் சன்னலோர நாற்காலியிலேயே இருந்தார். "எங்கயாவது வெளிய போனீங்களா?" என்று கேட்டேன். "போனேனே, பால்கனி வரைக்கும்" என்றார்.

மார்ச் 6, வியாழன்

அவருக்கு இதய அறுவை சிகிச்சை ஆகி ஏழு மாதம். தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லி நான்கு மாதம். கூடத்துக்குள் நாலு சுற்று சுற்றுவதோடு சரி. "நடுத்தெருவுல விழுந்தா யாரு தூக்குவா?" என்கிறார். இருபத்தேழு வருடம் பேருந்து ஓட்டியவர். இந்த ஊரையே ஏற்றி இறக்கியவருக்குத் தெருமுனை பயமாக இருக்கிறது.

இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் உண்மையை எழுதிவிடுகிறேன். அவர் அந்த நாற்காலியில் இருப்பது எனக்கும் ஒரு வகையில் நிம்மதிதான். கண்ணெதிரே இருக்கிறாரே. ஒரு டம்ளர் தண்ணீர்கூட அவரை எடுக்க விடுவதில்லை. எது செய்தாலும் குரலை உயர்த்துவதில்லை. கோபம் வந்தால் சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தை அடுக்குகிறேன். நேற்று மகள் போனில், "அம்மா, நீ அப்பாவ பீங்கான் பொம்மையாட்டம் பாத்துக்கற" என்றாள். "உடைஞ்சா நீயா வந்து ஒட்டப்போற?" என்று கேட்டேன். பிறகு அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

புத்தகம் வந்துவிட்டது! அட்டையில் பழைய பாலம். முதல் பிரதியை அவர் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்னட்டையில் இருக்கும் அச்சகத்து முகவரி உட்பட எல்லாம் படித்தார்.

"ஒரு நிறுத்தம்கூட போடலையே."

"இது நடக்கறவங்களுக்கு."

"நடக்கறவன் களைச்சுப்போனா?"

சிரித்துவிட்டு விட்டேன்.

மார்ச் 12, புதன்

புத்தகம் நாற்காலிக் கையில் கவிழ்த்து வைத்திருக்கிறது. திறந்திருப்பது மூன்றாம் நடை. பக்கம் மாறாமல் அப்படியே விட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்று எழுதுகிறேன்.

பதினொன்றரை மணிக்கு அலுவலகத்துக்கு ஒரு போன். ஓய்வுபெற்ற ஆசிரியையாம். "ஏம்மா, எளிதுன்னு போட்டிருக்கீங்க. நான் படகுத்துறையில நிக்கறேன். எதிர்ல படிக்கட்டு மேல மேல போயிட்டே இருக்கு. உங்க ஊர்ல இதுக்குப் பேரு எளிதா?"

"மேலிருந்து கீழ வரணும்மா" என்றேன்.

"அத எங்க போட்டிருக்கு?"

எங்கேயும் போடவில்லை. வரைபடத்தில் ஒரு அம்புக்குறிகூட இல்லை. ஆறு நடையையும் நான் மேலிருந்து கீழேதான் நடந்திருக்கிறேன். அலுவலகம் மேலே, திரும்பி வரும் பேருந்து கீழே. ஒரு தடவை ஏறிப் பார்ப்போம் என்று மூன்று மாதத்தில் ஒருநாளும் தோன்றவில்லை! எண்பத்து நான்கு படி. எண்ணிக்கொண்டேதான் இறங்கினேன். எண்ணிவிட்டு 'அழகிய கற்படிகள்' என்று எழுதினேன். முட்டாள்.

ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்டு, பேருந்தில் ஏறி மேலே வரச் சொன்னேன். பிறகு, சாப்பிட்டாரா என்று கேட்க வீட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்று தடவை. மதிய இடைவேளைக்குக்கூடக் காத்திராமல், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். நாற்காலி காலி. போன் நாற்காலியில் கிடக்கிறது. அவருடைய ஷூ இல்லை. புத்தகம் இல்லை.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா சன்னல் வழியாகவே சொன்னார்: "ஒன்பதாம் நம்பர்ல ஏறினாரே! புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு."

ஒன்பதாம் நம்பர் படகுத்துறைக்குத்தான் போகும். அங்கே இவருக்கு என்ன வேலை? அப்புறம்தான் உறைத்தது. இவருக்கு எந்த வழியும் படகுத்துறையில்தான் ஆரம்பம். இருபத்தேழு வருஷம் படகுத்துறையிலருந்துதான வண்டிய எடுத்தாரு. நடையையும் அங்கருந்துதான் எடுப்பாரு. மூணாம் நடை. கீழருந்து மேல. ஐயோ, நான் எளிதுன்னு எழுதுனத நம்பி—

எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. நாணயச்சாலை, கயிற்றுக்காரர் தெரு, யார் யாரையோ இடித்தேன். படிக்கட்டுத் தெருவில் ஒவ்வொரு திருப்பத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். பாதிக்கும் கீழே ஒரு முடிதிருத்தும் கடை. கதவு திறந்திருந்தது. உள்ளே சாய்ந்த நாற்காலி. கழுத்து வரை வெள்ளைத் துணி, பின்னால் தொங்கிய தலை. துணிக்குக் கீழே ஷூ. அவருடைய ஷூ.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "என்னம்மா, யாரு வேணும்?" என்றார். நாற்காலியிலிருந்து முகம் நிமிர்ந்தது. மூக்கையும் கண்ணையும் தவிர எல்லாம் நுரை.

"என் வீட்டுக்காரிதான். எப்படி மூச்சு வாங்குது பாருங்க. மொதல்ல உக்கார வச்சு தண்ணி குடுங்க" என்றார் இவர்.

எனக்குத் தண்ணி!

முப்பத்தொரு படி ஏறினாராம். உட்கார வேண்டும்போல் இருந்ததாம். "கடையில போய் சும்மா உக்காந்தா நல்லாருக்குமா? அதான் ஷேவ் பண்ணச் சொன்னேன்." காலையில்தான் வீட்டில் ஷேவ் செய்து முடித்திருந்தார். "வழிக்க ஒண்ணுமே இல்லம்மா. சும்மா நுரை போட்டு எடுக்கறேன்" என்றார் கடைக்காரர்.

திட்ட வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "வாங்க, இறங்கிப்போய் பஸ் பிடிச்சுக்கலாம்" என்றேன், மெதுவாக. "எதுக்கு? இவ்வளவு தூரம் வந்தாச்சு." மீதிப் படிகளை ஏற முக்கால் மணி நேரம் ஆனது. இன்னும் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. அவர் உதட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேலே வந்து, ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"எளிதுன்னு எழுதுனது யாரு?"

"நான்தான்."

"நல்லா புளுகியிருக்க" என்று சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயத்தில் அழுதேனா, நிம்மதியிலா? இரண்டும்தான்.

மார்ச் 15, சனி

அவர் பிரதியைப் பார்த்தேன். மூன்றாம் நடைப் பக்கம் முழுக்கப் பென்சில். 'நிறுத்தம் 1: வலைக்கடை வாசல் கல். நிழல் உண்டு. நிறுத்தம் 2: மூடிய கிடங்கின் படி. வெயில். நிறுத்தம் 3: முடிதிருத்தும் கடை. உட்காரலாம், ஆனால் ஷேவ் செய்துகொள்ள வேண்டும்.' இப்படி ஏழு. ஏழாவதுக்கு எதிரே, 'இங்கிருந்து ஆறு நன்றாகத் தெரிகிறது.'

பயந்துகொண்டே ஏறிய மனிதர் இதையும் எழுதியிருக்கிறார்.

மார்ச் 18, செவ்வாய்

'நாளைக்குள்'ளிடம் ஒப்புக்கொண்டேன். வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமோ என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டிருந்தேன்.

"எல்லாமே இறக்கமா?"

"எல்லாமே சார்."

"ஒண்ணுகூட ஏறிப் பாக்கலையா?"

"இல்ல சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சரி, தொலைந்தோம் என்று நினைத்தேன். மனிதர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட அவரும்தான் கவனிக்கவில்லையாம். எல்லாப் பிரதியிலும் ஒட்ட ஒரு சீட்டு அச்சடிக்கச் சொன்னார்: 'மேலிருந்து கீழே எளிது. கீழிருந்து ஏறுபவர்கள் உட்கார்ந்து ஏறவும்.' எப்போதைக்குள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

டாக்டரிடம் போனோம். படிக்கட்டு விஷயத்தைத் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவர் இதயத் துடிப்பு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு. ஏறட்டும். பேசிக்கிட்டே ஏற முடியற வேகத்துல ஏறட்டும்" என்றார். வெளியே வந்ததும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "இது எத்தனையாவது நிறுத்தம்?" என்று கேட்டார் இவர்.

மார்ச் 26, புதன்

தினமும் போகிறார். காலையில் அலுவலகத்துக்கு முன்னால் நானும் இருபதடி பின்னால் போகிறேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று திரும்பிப் பார்க்காமலேயே, "பாத்து வா, கல்லு வழுக்குது" என்றார்.

ஏப்ரல் 5, சனி

இன்று சண்டை. சாதாரணச் சண்டை இல்லை.

இரண்டாம் பதிப்புக்காக நான் திருத்தி வைத்திருந்த பக்கங்களை எடுத்து, 'அழகிய கற்படிகள்' என்பதை அடித்துவிட்டு, 'படிகள் 84. கைப்பிடி இடப்பக்கம் மட்டும்' என்று எழுதியிருக்கிறார். அதுவும் பேனாவால்!

"என் எழுத்துல கைவைக்க நீங்க யாரு?"

"ஏறினவன்!"

"ஆமா, சொல்லாம கொள்ளாம ஏறினவரு! போனை வீட்டுல போட்டுட்டு ஏறினவரு! அந்தத் துணிக்கடியில செத்துக் கிடக்கறீங்கன்னு நெனச்சேன், தெரியுமா உங்களுக்கு?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா? ஒரு டம்ளர் தண்ணி எடுக்க விட்டியா என்னய? நாற்காலியோட சேத்து ஆணி அடிச்சுதான வச்சிருந்த?"

"ஆமா, அடிச்சேன்! பயந்து செத்தவ நான்தான!"

அவர் கத்த, நான் கத்த, கீழிருந்து தையல்காரம்மா கம்பால் கூரையைத் தட்டினார். இவர் ஷூவை மாட்டிக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்விட்டார். சாத்திய கதவைப் பார்த்து இன்னும் இரண்டு வாக்கியம் கத்தினேன். மூடாத அந்தப் பேனாவை மூடி வைக்கும்போதுதான் தோன்றியது. அவர் முகம் சிவந்திருந்தது, மூச்சு இரைத்தது, விரல் ஆடியது. எல்லாம் பார்த்தேன். பார்த்தும் அவர் நெஞ்சு ஞாபகத்துக்கே வரவில்லை. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, வெறுமனே என் புருஷனோடு சண்டை போட்டிருக்கிறேன்.

சன்னலில் எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் எண் வந்து நின்றது. கையை ஆட்டி வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, கோட்டைச் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நடந்தார். கோபமாக இருக்கும்போது இவர் கொஞ்சம் வேகமாகத்தான் நடப்பார். செருப்பை மாட்டினேன். பிறகு கழற்றி வைத்தேன்.

போய்விட்டு வரட்டும். நான் சொல்ல வேண்டியது இன்னும் பாதி பாக்கி இருக்கிறது.