வேண்டாம் என்பதற்கு ஒரு படம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் மகளின் இருமலும் தணிந்தனவா? இங்கே மூன்று நாளாகத் தூறல். ஜன்னலுக்கு வெளியே தெருவே தண்ணீருக்கு அடியில் அசைவதுபோல் இருக்கிறது.

எங்கள் மையத்தில் பேச்சு வராத பிள்ளைகள் வேண்டியதைத் தொட்டுக் காட்டப் படப்பலகை செய்து தருகிறோம் அல்லவா. நேற்று ஒரு சிறுமியிடம் எது வேண்டும் என்று பலகையை மூன்று முறை நீட்டினேன். நான்காம் முறை என் கையைக் கடித்துவிட்டாள். லேசான கடிதான், கவலைப்படாதீர்கள்.

சிறுமியின் அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. "தண்ணி கேக்கலாம், ஊஞ்சல் கேக்கலாம். எல்லாம் கேக்கத்தான் படம் வச்சிருக்கீங்க மேடம். வேண்டாம்னா எதைக் காட்டுவா? பல்லைத்தான் காட்டுவா" என்றாள்.

படித்துப் பட்டம் வாங்கிய ஆறு பேர் பார்த்துப் பார்த்துச் செய்த பலகை. ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

மாலையில் கையை விரித்துத் தடுக்கும் படம் ஒன்றை வரைந்து லேமினேட் செய்தேன். இயந்திரத்திலிருந்து இளஞ்சூடாக வந்தது. அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, தெரியவில்லை.

இங்கே வேலைக்குக் கிளம்புமுன் நம் மகளுக்கு நான் செய்த பலகையிலும் அந்தப் படம் கிடையாது. இதோடு ஒன்று அனுப்புகிறேன். முதல் வரிசையில் ஒட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அழைக்கும்போது, போனை அவள் முகத்தருகே கொண்டுபோகுமுன் பலகையைக் காட்டுங்கள். அந்தப் படத்தைத் தொட்டால் வற்புறுத்தாதீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மட்டும் பேசுங்கள். எனக்கு அது போதும்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

அவள் அம்மா