துண்டுக்குள் பேசிய விலை

அத்தை,

அப்பாவின் சிவப்புக்கரைத் துண்டை இன்று வெயிலில் உலர்த்தினேன். எத்தனை முறை துவைத்தாலும் பட்டறை வாசம் அதை விட்டுப் போவதில்லை. ஈரக் கல்தூளும் எண்ணெயும் கலந்த வாசம். முகர்ந்ததும் நீங்கள் கைக்கடிகாரமும் கஞ்சிபோட்ட புடவையுமாக எதிரே வந்து நின்றீர்கள். "என்னடி வாலு, இன்னைக்கு யார் தலைய உருட்டினே?"

நீங்கள் கண்ணை மூடிய மாசியிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்பதில்லை. தலைகள் மட்டும் உருண்டுகொண்டுதான் இருக்கின்றன.

புத்தூர்ப் பட்டறையில் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் அப்பா, "கல்லுதான் போலி, வாக்கு அசல்" என்பார். விலையைத் துண்டுக்குள்தான் பேசுவார். கையோடு கை கோத்து, மேலே துண்டைப் போட்டு, விரலை அழுத்தியே பேரம். ஜெனீவா வியாபாரி ஒருவர் வந்து அந்த வித்தையை ஆசையாகக் கற்றுக்கொண்டு, அப்படியே விலையையும் முடித்துவிட்டுப் போனார். அவர் கேட்ட வடிவத்தில் கல்லெல்லாம் தீட்டி முடித்த பிறகு தந்தி வந்தது: 'துண்டுக்குள் கை குலுக்கினோம். விலை எதுவும் பேசவில்லை. பாதி விலைக்கு என்றால் எடுத்துக்கொள்கிறேன்.'

அந்த வடிவம் இங்கே யாருக்கும் வேண்டாம். பாதி விலைக்குக் கொடுத்தால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம்போல வியாபாரம் பாதியில் நின்றது. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு ட்ரங்க் கால் போட்டது அம்மாதான்.

லண்டனில் தலைமையும் மதராஸில் கிளையும் கொண்ட வக்கீல் நிறுவனத்தில் நீங்கள் வேலை பார்ப்பது தெரியும். என்ன வேலை என்றுதான் தெரியாது. நீங்கள் வந்து இறங்கிய அன்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"கப்பல்ல சரக்கு ஏத்துறதுக்கு முன்னாடியே, நாளைக்குச் சண்டை வந்தா எந்த ஊர்ல, எந்தச் சட்டப்படி தீர்க்கிறதுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டு எழுதி வைப்போம்."

"கல்யாணத்தன்னைக்கே விவாகரத்துக்கு நாள் குறிக்கிறீங்களா அத்தை?"

"அப்படிக் குறிச்சா சண்டையே வராதுடி." அப்பா பக்கம் திரும்பினீர்கள். "ஏண்ணே, எழுதி வாங்கியிருக்கக் கூடாதா?"

"துண்டுக்குள்ள கோத்த கையை நம்பினேன்."

"நம்புறவங்ககிட்டதாண்ணே எழுதி வாங்கணும். நம்பாதவங்ககூட வியாபாரமே வேணாமே."

உங்கள் லண்டன் ஆபீசும் மதராஸ் ஆபீசும் என்ன பேசினவோ, அடுத்த மாதம் ஜெனீவாக்காரர் தம் வக்கீலோடு எங்கள் வீட்டு வாழை இலைமுன் உட்கார்ந்திருந்தார். நான் என் பங்குக்கு அவர் வடையில் பச்சை மிளகாயைப் புதைத்து வைத்திருந்தேன். எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ! "அதை எடுத்துடு. அவர் வாய் இன்னைக்கு நல்லா இருக்கணும்."

வக்கீல் என்றால் மேசையைத் தட்டிக் கத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீங்களோ பாயசம் வரும்வரை வழக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு, "உங்கள் ஊரில் விலை எப்படிப் பேசுவீர்கள்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"எங்கள் ஊரில் என்ன சுவாரசியம்! உங்கள் முறையல்லவா அழகு!" என்று எழுந்தார் மனிதர். அப்பாவின் தோளிலிருந்த துண்டை உருவி, கையைப் பிடித்து, மேலே போர்த்தினார். இந்த விரலுக்கு நூறு, இரண்டு விரலுக்கு இருநூறு, இப்படி அழுத்தினால் அதில் பாதி என்று தம் வக்கீலுக்குப் பாடமே எடுத்தார். "இவர் இங்கே ஏற்றினார், நான் இங்கே இறக்கினேன், கடைசியில் இதில் நின்றோம்!"

அவருடைய வக்கீலின் கையிலிருந்த கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது. ஜெனீவாக்காரர் அந்தக் கரண்டியைப் பார்த்தார். பிறகு துண்டைப் பார்த்தார்.

நீங்கள் ஜெயித்த முகமே காட்டவில்லை. "நல்ல ஞாபகசக்தி. அந்த விலையையே இப்போது எழுதிக்கொள்ளலாமா?" என்று பேனாவை நீட்டினீர்கள். அவர் சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார். ஒரு பொய் கிடையாது, ஒரு மிரட்டல் கிடையாது. நான் செய்த குறும்பெல்லாம் அன்று எனக்கே வெறும் மிளகாயாகத் தெரிந்தது.

நேற்று பம்பாய் வியாபாரி ஒருவர் வந்தார். துண்டுக்குள் விலை முடிந்ததும் நான் காகிதத்தை நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "என்னம்மா, நம்பிக்கை இல்லியா?"

"இருக்குங்க. அதனாலதான் எழுதச் சொல்றேன். இல்லேன்னா கல்லையே காட்டியிருக்க மாட்டோம்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அப்பா துண்டை எடுத்துக் கண்களை அழுத்தித் துடைத்துக்கொண்டு என்னிடம் தந்தார்.

அதனால்தான், அத்தை, இன்று அதைத் துவைத்தேன்.