கந்தோர்ப் பையில் போன ஓலை

வெள்ளவத்தை,
14.2.1938

அன்பு மகள் பாலேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. முருகன் காவலில் நானும் அம்மாவும் இங்கே நாளைக் கழிக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற சேதி ஒன்றே எங்களுக்குப் போதும். உன் தை மாதக் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, பிடிக்காமலே படி இறங்குகிறார். மழை இல்லை, கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கரிக்கிறது, குடிக்கிற தண்ணீரைத் தெருக் குழாயில் எடுக்கிறோம். பின்பக்கத்து முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. இதெல்லாம் எழுத வேண்டிய சங்கதிகள், அதனால் எழுதுகிறேன், மனம் இதில் இல்லை. மனம் எதில் இருக்கிறது என்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது, நாலு நாளாக வெறுமனே கதிரையில் இருக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்தை மூன்று தரம் வாசித்தேன். உன் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் வைத்த அலுமாரியைப் பூட்டித் திறப்பைப் பெரிய ரீச்சரின் கையில் கொடுத்தது உனக்கு நினைவிருக்கிறது என்கிறாய், அப்போது அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார் என்றுகூட எழுதியிருக்கிறாய். தாள்கள் காணாமற் போனபின் நீ திறப்பைத் தரவேயில்லை என்று அவர் சொல்கிறாராம். அதற்குக் கீழே, நான் பிழையாக நினைத்திருக்கலாம், குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கட்டோ, அப்பா சொன்னால் அப்படியே செய்கிறேன் என்று முடித்திருக்கிறாய். பங்குனி முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் வேலை போகும் என்பதும் எனக்கு விளங்குகிறது. என் வாய் உனக்குத் தெரியும். நீ சின்னனிலிருந்தே கவனமில்லாதவள், மரியாதையாக ஒப்புக்கொள் என்று எழுதத்தான் அன்றைக்குப் பேனையை எடுத்தேன். முதல் வரி எழுதியும் விட்டேன். அடுத்த நாள் ஒரு ஆள் வந்தார், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

வந்தவர் நாகேந்திரத்தின் மனைவி. என்னோடு கந்தோரில் எழுத்து வேலை பார்த்த நாகேந்திரத்தை உனக்கு நினைவிருக்கும், சாத்திரம் பார்ப்பவர், பென்சன் எடுத்துக் கொட்டாஞ்சேனையில் இருந்தவர், கார்த்திகையில் காலமானார். அந்த மனுசி ட்ராமிலும் ரயிலிலும் ஏறி வந்து ஒரு பழைய கடிதவுறையைத் தந்தார். அவரின்ர றங்குப்பெட்டிக்கு அடியில கிடந்தது, உங்கட பேர் எழுதியிருக்கு, அதான் கொண்டுவந்தனான் என்றார். மேலே இருந்தது என் கையெழுத்து, பார்த்துச் சொல்லவும், இரத்தினசிங்கம், 1919 என்று. உள்ளே உன் சாதக ஓலை இருந்தது.

மகள், அந்த ஓலையின் கதையைக் கேட்டே வளர்ந்தவள் நீ. வண்ணார்பண்ணையிலிருந்து இங்கே குடி வந்தபோது அம்மா அதைக் குப்பையோடு சேர்த்து அடுப்பில் வைத்துவிட்டார் என்பது நம் வீட்டுக் கதை. வருகிற விருந்தாளிக்கெல்லாம் தேத்தண்ணி கொடுக்கும்போது நான் அதைச் சொல்வேன், எங்கட கனகேஸ்வரி தன்ர மகளின்ர தலைவிதியையே கொளுத்திப்போட்டு அதில கஞ்சி காய்ச்சினவ என்று. எல்லாரும் சிரிப்பார்கள், அம்மாவும் சிரிப்பார். உண்மை என்னவென்றால், சாத்திரம் எல்லாம் வெறும் புளுகு என்று வீட்டில் பெரிய வாயடித்துக்கொண்டிருந்த நான், ஒருவருக்கும் தெரியாமல் அதை நாகேந்திரத்திடம் காட்டக் கந்தோர்ப் பையில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் அடுத்த கிழமையே மாற்றலாகித் திருகோணமலைக்குப் போய்விட்டார். அம்மா ஓலையைத் தேடத் தொடங்கியபோது என் பெருமை வாயைத் திறக்க விடவில்லை. நீதான் குப்பையோடு அடுப்பில் போட்டிருப்பாய் என்றேன். மறந்துபோனேன் என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. முதல் வருஷம் நினைவிருந்தது. சொல்லிச் சொல்லிப் பிறகு எனக்கே அம்மா எரித்ததுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

அப்போது உனக்குப் பத்து வயது. அப்பா ஓலையைப் பையில வைச்சவர், நான் கண்டனான் என்று நீ சொன்னாய். நான் உன்னை அடிக்கவில்லை, அதை நான் இன்றுவரை பெருமையாக வைத்திருந்தேன். மூன்று பின்னேரம் உன்னை முன்னால் நிற்க வைத்து ஒரே கேள்விகளைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன், எந்தக் கிழமை, எந்தப் பை, நான் என்ன சால்வை போட்டிருந்தேன், நேற்று வேறு மாதிரிச் சொன்னாயே என்று, மெதுவாக, சிரித்துக்கொண்டே. மூன்றாம் நாள் நான் பிழையாப் பார்த்திட்டன் அப்பா என்றாய். இனிப்பு வாங்கித் தந்தேன். நீ கண்டது சரி, மகள். இருபது வருஷம் பிந்திச் சொல்கிறேன். ஓலையில்லாமல் உன் கலியாணப் பேச்சுகள் எப்படிக் குழம்பின என்று உனக்கே தெரியும், செவ்வாய்க் குற்றத்தை மறைக்கத்தான் ஒளித்துவிட்டார்கள் என்று ஊர் பேசியது. நீ பிறந்தது பின்னேரம் நாலு பத்து என்று அம்மா அப்போதே அடித்துச் சொன்னார், புது ஓலை எழுதியிருக்கலாம், நேற்று வைச்ச கறியே நினைவில்லாத உன்ர பேச்சைக் கேட்டு எழுதுறதோ என்று மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே அம்மாவைக் கேட்டேன். ஓலையில் நாழிகையைக் கணக்குப் பார்த்தேன். நாலு பத்துத்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரமே அம்மாவை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அழுவார், ஏசுவார், வீட்டை விட்டுப் போய்விடுவார் என்றெல்லாம் நினைத்தேன், அதில் ஏதாவது நடந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா ஓலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இது வேற பிள்ளையின்ர ஓலையாயிருக்கும், எங்கடதை நான் எரிச்சது எனக்கு வடிவா நினைவிருக்கு, அந்த மணம்கூட நினைவிருக்கு என்றார். உன் பேரை வாசித்துக் காட்டினேன். ஓலையை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, உங்களுக்கு என்னில கோவமோ என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் நான் கண் திறந்து அவரைப் பார்க்கத் தொடங்கினேன். நான் ஒரு வாய் வைத்துத் தலையாட்டும்வரை அவர் தன் கோப்பையில் சோறு போடுவதில்லை. தானே பூட்டின கதவை, பூட்டியிருக்கோ என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். பக்கத்து வீட்டு டோரின் கேக் துண்டு கொடுத்தனுப்பினால் அதைக் கொண்டுவந்து, சாப்பிடட்டோ என்கிறார். முந்தாநாள் வியர்த்து ஒழுக நின்றுகொண்டு, இண்டைக்கு வெக்கையோ என்று என்னைக் கேட்டார். இதெல்லாம் புதிதில்லை, எத்தனையோ வருஷமாக நடப்பது. அடக்கமான மனுசி என்று நானும் வந்தவன் போனவனும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்து வாசித்தேன். ஒவ்வொன்றிலும் அந்த வரி இருக்கிறது, நான் பிழையாக நினைத்திருக்கலாம் என்று. அதை உனக்குப் படிப்பித்தவன் நான். அதனால் இப்போது நான் என்ன எழுதுவது என்று தெரியாமல் இருக்கிறேன். கையெழுத்து வைக்காதே, நீ பூட்டினாய், திறப்பையும் கொடுத்தாய் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பா சொன்னார் என்பதற்காக நீ அதை நம்பினால் பழைய கதைதான் திரும்பவும். ஓலை போன அன்று நான் அங்கே இருந்தவன், அதனால் அதைப் பற்றிச் சொன்னேன். அந்த அலுமாரி இருந்த அறையில் நான் இருக்கவில்லை, பிள்ளை. நீதான் இருந்தாய்.

வெயிலில் குடையில்லாமல் போகாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. ஓலையைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன், அதைக் கலியாணத்துக்கு வைத்திருப்பதும் கடலில் எறிவதும் உன் விருப்பம். எனக்குப் பதில் எழுத மனமில்லாவிட்டால் அம்மாவின் பேருக்கு எழுது, உறையை நான் உடைக்க மாட்டேன். எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை நிற்கட்டும். கீழே அம்மாவுக்கு இடம் விட்டிருக்கிறேன், என்ன எழுத வேணும் என்று கேட்டார், நான் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போகிறேன்.

உன் அப்பா,
வை. இரத்தினசிங்கம்

பிள்ளைக்கு அம்மா எழுதுறது. நான் சுகம். அப்பா எழுதினதை வாசிக்கேல்லை, அவர் எழுதினால் சரியாத்தான் இருக்கும். ரெண்டு மூண்டு நாளா அவருக்கு மனம் சரியில்லை. ஓலையை எரிச்சது நான்தான் ராசாத்தி, நீ அவரோட கோவிக்காதை.