கல்யாணம் முடிவான இடம்

கொயிம்ப்ரா,
12 ஜூன் 1984

அன்செல்மோ,

அன்புள்ள என்று எழுத இன்று மனம் வரவில்லை. ஞாயிறு பகல் முழுக்க ஓபிதுஷ் கோட்டை மதில்மேல் உட்கார்ந்திருந்தேன். சுற்றுலா வந்தவர்கள் கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார்கள், எல்லோரையும் எடுத்தேன். நீதான் வரவில்லை. நம் கல்யாணம் முடிவான இடத்தில் சந்திப்போம், மனம் ஒத்தால் மறுபடி சேர்ந்து வாழ்வோம் என்று எழுதியவன் நீ. இரண்டு வருடப் பிரிவு உனக்குப் போதவில்லையா?

கிராசியெட்

செதூபால்,
15 ஜூன்

அன்புள்ள கிராசியெட்,

நானா வரவில்லை? எவோராவில் ரோமானியர் கோயில் தூண்களுக்கு எதிரே வெயிலில் வெந்துகொண்டிருந்தேன். உனக்காக வாங்கிய பாலாடைக்கட்டிக் கேக்கை எல்லாம் நானே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டேன். நீ ஏன் ஓபிதுஷுக்குப் போனாய்? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் அன்செல்மோ

கொயிம்ப்ரா,
19 ஜூன்

அன்செல்மோ,

ஏன் போனேனா? நீ என்னைக் கேட்டது அங்கேதானே. கைப்பிடி இல்லாத அந்த மதிலில் நின்றுகொண்டு, "என்னைக் கட்டிக்கிறியா? சீக்கிரம் சொல்லு, கீழ பார்த்தா பயமா இருக்கு" என்றாய். எவோராவில் என்ன நடந்தது? என் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போனோம், அவ்வளவுதான். வேறு யாரோடோ போனதை என்னோடு சேர்த்துக் குழப்புகிறாயா? எதை நம்புவது என்றே தெரியவில்லை.

கிராசியெட்

செதூபால்,
23 ஜூன்

அன்புள்ள கிராசியெட்,

வேறு யாரும் இல்லை. மதிலில் நான் கேட்டேன். நீ சிரித்தாயே தவிரப் பதில் சொல்லவில்லை. அதன்பின் எனக்குச் சரியான தூக்கமே இல்லை. உன் அத்தை மகள் கல்யாணத்தன்று, அந்தத் தூண்களுக்குக் கீழே, கேக்கை மென்றுகொண்டே சொன்னாய்: "சரி, பண்ணிக்கலாம். அந்தத் துண்டையும் குடு."

உனக்கு அது மறந்தே போய்விட்டதா?

உன் அன்செல்மோ

கொயிம்ப்ரா,
28 ஜூன்

அன்புள்ள அன்செல்மோ,

மென்றுகொண்டே சொன்னேன் என்றால் அது நானேதான். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. நாளையே எவோராவுக்குக் கிளம்பி, அத்தை மகள் வீட்டில் தங்கப்போகிறேன். தினமும் அந்தத் தூண்களுக்குக் கீழே இருப்பேன். கடிதம் கிடைத்ததும் வா. இந்த முறை வாயில் ஒன்றும் இல்லாமல் சொல்கிறேன்.

உன் கிராசியெட்

செதூபால்,
28 ஜூன்

அன்புள்ள கிராசியெட்,

உன் பதில் வரும்வரை பொறுக்க முடியவில்லை. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரையும் படம் எடுத்துக்கொண்டு நீ தனியே உட்கார்ந்திருந்தது மனதைவிட்டுப் போகவில்லை. நாளையே ஓபிதுஷுக்குக் கிளம்புகிறேன். மதிலுக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லையாம்; பரவாயில்லை, மறுபடியும் அங்கேயே நின்று கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் வா. நீ வரும்வரை இறங்கமாட்டேன்.

உன் அன்செல்மோ